வாசலில் யாரும் நிறுத்தாத பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றை எடைபோட நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன். அங்கே படிக்காத, அங்கே சம்பளம் வாங்காத ஒருவருக்கு அது என்ன கொடுக்கிறது? தெருவில் போகிறவருக்கு மதில் மட்டும்தான் மிச்சம் என்றால், உள்ளே எவ்வளவு பளிங்கு பதித்திருந்தாலும் அதை நல்ல கட்டடம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லிலும் செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் பதில் சொல்லிவரும் கட்டடக்கலை அலுவலகம் ஒன்று அயர்லாந்தின் டப்ளினில் இருக்கிறது. கிராஃப்டன் ஆர்கிடெக்ட்ஸ்.

1978இல் தொடங்கிய அலுவலகம். அதை நிறுவிய இவோன் ஃபாரெலும் ஷெல்லி மெக்னமாராவும் டப்ளினில் ஒரே கல்லூரியில் கட்டடக்கலை படித்தவர்கள். அங்கேயே நீண்ட காலம் கற்பித்தவர்கள். நிறுவனத்துக்குத் தங்கள் பெயரை வைக்காமல், முதல் அலுவலகம் இருந்த கிராஃப்டன் தெருவின் பெயரை வைத்தார்கள். 2020இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு அவர்கள் இருவருக்கும் கிடைத்தது. அப்போது பேச்செல்லாம் பரிசு பெற்றவர்கள் பெண்கள் என்பதைச் சுற்றியே இருந்தது. பேசவேண்டிய விஷயம்தான்; 1979 முதல் கொடுக்கப்படும் அந்தப் பரிசை அதற்கு முன் வாங்கிய பெண்கள் மூன்றே பேர். ஆனால் அந்தப் பேச்சில் அவர்கள் கட்டிய தரைத்தளங்கள் மறைந்துபோயின. நான் பேச விரும்புவது அவற்றைப் பற்றி.

மிலானின் போக்கோனி பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் முடிந்த கட்டடம். பேராசிரியர்களுக்கான அலுவலகங்களும் ஆயிரம் பேர் அமரும் பெரிய அரங்கமும் வேண்டும் என்பது தேவை. வேறு யாராக இருந்தாலும் அரங்கத்தை வளாகத்தின் நடுவில் பத்திரமாக வைத்திருப்பார்கள். இவர்கள் அதைத் தூக்கி, டிராம் ஓடும் சாலையின் மூலையில், நடைபாதையை ஒட்டி வைத்தார்கள். அலுவலகங்களை மேலே பெரிய உத்தரங்களிலிருந்து தொங்கவிட்டார்கள். அதனால் கீழே தரை விடுபட்டது. நடைபாதையில் போகிறவர் கண்ணாடி வழியே தாழ்ந்து கிடக்கும் முன்கூடத்தை எட்டிப் பார்க்கலாம். வெளிச்சுவருக்கு மிலானுக்குப் பழக்கமான சாம்பல் நிற செப்போ கல்லையே போர்த்தினார்கள். பொருளாதாரமும் வணிகமும் கற்பிக்கும் தனியார் பல்கலைக்கழகம் அது, பணக்காரப் பிள்ளைகள் நிறைந்தது. அதனிடம்கூட ஊருக்கென்று ஒரு மூலையைக் கேட்டு வாங்க முடிந்திருக்கிறது.

திண்ணையைப்போல என்று நம்மில் பலர் உடனே சொல்வோம். எனக்கு அந்த ஒப்பீட்டில் முழுத் திருப்தி இல்லை. திண்ணையில் உட்கார்ந்தவர் வீட்டுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார். கதவு அவருக்குப் பின்னால் மூடியிருக்கலாம். இவர்கள் வழிப்போக்கருக்கு விட்டுக்கொடுப்பது கூடத்தை, வீட்டின் நல்ல இடத்தை.

பணம் இருந்தால் எதையும் செய்யலாம் என்பவர்களுக்கு லிமெரிக் பல்கலைக்கழகத்தைக் காட்டுவேன். அயர்லாந்தின் வங்கிகள் சரிந்து நாடே கடனில் தவித்த ஆண்டுகளில், 2012இல், ஷானன் ஆற்றின் வடகரையில் மருத்துவப் பள்ளியும் மாணவர் விடுதிகளும் எழுந்தன. பள்ளிக்கு அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல், விடுதிகளுக்குச் செங்கல். இவற்றோடு பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் ஒரு நிழற்கூரை. எல்லாம் சேர்ந்து ஒரு சதுக்கத்தைச் சுற்றி நிற்கின்றன. பஸ் நிறுத்தத்துக்கும் மருத்துவப் பள்ளிக்குக் கொடுத்த அதே அக்கறையைக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்கு இவர்கள்மேல் மரியாதை கூடியது. மழை ஓயாத ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருப்பது சின்ன விஷயம் இல்லை. அடுத்த ஆண்டே அந்தக் கட்டடம் பிரித்தானியாவின் பெரிய கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மிலான், லிமா, துலூஸ், லண்டன் என்று இவர்களுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்ததெல்லாம் வடிவமைப்புப் போட்டிகளில் வென்றுதான். இன்று பல நாடுகளில் பொதுக் கட்டடத்துக்கான டெண்டர்களைப் படித்தால் வயிறு எரிகிறது. இத்தனை கோடி வருமானம், இதே அளவில் ஏற்கெனவே கட்டிய மூன்று கட்டடங்கள் என்று நிபந்தனை போட்டே சிறிய அலுவலகங்களை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். முதல் பெரிய கட்டடத்தை யாராவது நம்பிக் கொடுத்தால்தானே இரண்டாவது வரும்?

பெரு நாட்டில், லிமாவின் யூடெக் பொறியியல் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சண்டை உண்டு: பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறது, சிமென்ட் அதிகம் என்று. 2015இல் திறந்த அந்தக் கட்டடம் நெடுஞ்சாலைப் பள்ளத்தின் விளிம்பில் கான்கிரீட் மலைச்சரிவாக எழுந்து நிற்கிறது. சாலைப் பக்கம் செங்குத்து. மறுபக்கம், வீடுகள் இருக்கும் பக்கம், தோட்டங்களோடு படிப்படியாக இறங்குகிறது. லிமாவில் மழை அரிது, குளிரும் வெயிலும் மிதம். அதனால் நடைவழிகளையும் படிக்கட்டுகளையும் காற்றுக்குத் திறந்தே விட்டிருக்கிறார்கள். பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகம் தன் முதல் சர்வதேசப் பரிசை 2016இல் இதற்குக் கொடுத்தது.

முரட்டுத்தனம் என்ற குறையை நான் பொருட்படுத்தவில்லை. இரைச்சலான நெடுஞ்சாலைக்கு முன்னால் மெல்லிய கண்ணாடிச் சுவரை நிறுத்தினால் ஏசிதான் ஓயாமல் ஓடவேண்டும். சிமென்ட் பற்றிய குறை வேறு. சிமென்ட் தயாரிப்பு வெளியேற்றும் கரியமில வாயு சிறிய அளவு இல்லை, பூமியையும் தங்கள் வாடிக்கையாளராக நினைப்பவர்கள் இவர்கள். இந்த இடத்தில் அவர்களுக்காக வாதாட எனக்கு மனமில்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்கு மரத்தால் ஒரு கட்டடத்தை வடிவமைத்திருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. அந்தப் பாதையில் இன்னும் வேகமாகப் போகவேண்டும்.

இனி நம் பக்கத்துக் கட்டடம். தென்மேற்கு லண்டனில், சர்பிட்டன், டோல்வொர்த், நியூ மால்டன் பக்கம் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன என்று சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு மிக அருகில் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டவுன் ஹவுஸ் இருக்கிறது. 1992 வரை பாலிடெக்னிக்காக இருந்த நிறுவனம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்ற பளபளப்பு எதுவும் அதற்கு இல்லை. அங்கே இவர்கள் கட்டிய அந்த ஆறு மாடிக் கட்டடம் 2021இல் ஸ்டர்லிங் பரிசையும் 2022இல் ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ விருதையும் வாங்கியது.

சாலையிலிருந்து பார்த்தால் மெலிந்த உயரமான தூண்வரிசை, மேல்மாடிகளில் வெளி மாடங்கள். உள்ளே நுழையும் இடத்தில் அட்டை தேய்க்கும் தடுப்புக் கதவு இல்லை. அகலமான படிகள் இருக்கைகளாகவும் ஆகின்றன. நான் போனபோது ஒரு பக்கம் மாணவர்கள் நடனம் பயின்றுகொண்டிருந்தார்கள். அதே கூரையின் கீழ் நூலகத்தில் ஒருவர் தலை நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நூலகத்தையும் நடனக்கூடத்தையும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து வைக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? ஒலியைத் தடுத்து, பார்வையைத் தடுக்காமல் விட்டிருக்கிறார்கள். கணக்கியல் படிக்க வந்த பிள்ளை, நடனம் படிக்கும் பிள்ளை உழைப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே மாடி ஏறுகிறது.

நம் பெற்றோர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடையில் நின்றும் இரவு வேலை பார்த்தும் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய அம்மா அப்பாக்களில் பலர், பட்டமளிப்பு நாள் ஒன்றைத் தவிர அந்த வாசலை மிதித்ததே இல்லை. அது தங்களுக்கான இடம் இல்லை என்று அவர்களே தீர்மானித்துவிடுகிறார்கள். வாசலில் நிற்கும் தடுப்பும், "யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்ற கேள்வியும் அந்தத் தீர்மானத்தை உறுதி செய்கின்றன. பிள்ளை அங்கே படிக்கவேண்டும் என்பதுகூட இல்லை. கிங்ஸ்டனுக்குக் கடைக்குப் போகும் நாளில் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு அந்தப் படிகளில் சற்று உட்காருங்கள்.

பாதுகாப்பு என்ன ஆவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பூட்டவேண்டிய அறைகளைப் பூட்டிக்கொள்ளலாம்; பரிசோதனைக்கூடத்தையும் தேர்வு அலுவலகத்தையும் திறந்துபோடச் சொல்லவில்லை. கூடத்தையும் படிக்கட்டையும் மறிப்பதற்கு என்ன காரணம் என்பதைத்தான் கேட்கிறேன். இத்தனை நாள் திறந்து வைப்பவர்களிடமே விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தோம். இனி புதிய வளாகம் கட்டும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், எங்கெல்லாம் மறிக்கிறோம், எதற்காக மறிக்கிறோம் என்பதை வரைபடத்தோடு சேர்த்து ஊர் மக்களிடம் எழுதிக் கொடுக்கட்டும்.