தரகரும் முகக்கவசமும்

(கும்பகோணத்தில் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சிறிய சலூன். ஞாயிற்றுக்கிழமை காலை. கல்யாணத் தரகர் வைத்தியலிங்கம் முகம் நிறைய நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். கடைக்காரர் தங்கராசு முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொள்கிறார்.)

வைத்தியலிங்கம்: தம்பி தங்கராசு, கொரோனா போய் எவ்வளவோ காலமாயிற்று. வேறு யாருக்கு முடி வெட்டும்போதும் நீ இதைப் போட்டு நான் கண்டதில்லை. எனக்குச் சவரம் செய்யும்போது மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறாய்?

தங்கராசு: தூசி, அண்ணே.

வைத்தியலிங்கம்: என் கன்னத்திலிருந்தா தூசி கிளம்புகிறது?

தங்கராசு: கத்தி கழுத்தருகே இருக்கும்போது சொன்னால் தலையைத் திருப்பிவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் இத்தனை மாதங்களாக வாய் திறக்காமல் இருந்தேன். இதோ, கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் வாய் நாறுகிறது, அண்ணே.

வைத்தியலிங்கம்: முப்பது ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பிழைக்கிறேன். இன்றுவரை ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லையே!

தங்கராசு: யாரும் சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள், அவ்வளவுதான். வலங்கைமானில் ஒரு சம்பந்தம் தட்டிப்போனதாகச் சொன்னீர்களே, அங்கே என்ன நடந்தது?

வைத்தியலிங்கம்: சீர் விவரத்தைப் பெண்ணின் தகப்பனார் காதோடு சொல்லலாம் என்று என் நாற்காலியை முன்னுக்கு இழுத்தேன். அவர் தம்முடையதைப் பின்னுக்கு இழுத்தார். நான் நெருங்க, அவர் விலக, கூடத்தில் தொடங்கிய பேச்சு கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் போய் முடிந்தது. கடைசியில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார். நான் ஜாதகத்தைப் பையிலிருந்து இன்னும் எடுக்கவே இல்லை என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

தங்கராசு: நம் வாய் வாடை நம் மூக்குக்குப் பழகிவிடுகிறது, அண்ணே. எனக்கும் 2020 வரை தெரியாது. முகக்கவசம் போட்டு வேலை செய்த முதல் நாளே, கடைக்குள் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, அலமாரியைக்கூட நகர்த்திக் கழுவிவிட்டேன். கவசத்தைக் கழற்றினால் நாற்றம் இல்லை, மாட்டினால் வருகிறது. எலி எங்கே இருக்கிறது என்பது மாலையில்தான் புரிந்தது. உங்களுக்கு அப்படி எதுவும் தோன்றவில்லையா?

வைத்தியலிங்கம்: நான் அதைத் தாடையில்தான் போட்டிருந்தேன்.

(தங்கராசு பதில் சொல்லாமல் நுரையைத் துடைத்துவிடுகிறார்.)

வைத்தியலிங்கம்: இது வயிற்றுச் சூடு, தம்பி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, நாலு நாள் மோர் குடித்தால் அடங்கிவிடும். அதுவரை இரண்டு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்கிறேன்.

தங்கராசு: வாய் நாற்றம் பெரும்பாலும் வாயிலேயேதான் பிறக்கிறது என்று பல் டாக்டர் எனக்கு விளக்கினார். நாக்கின் பின்பகுதியிலும் ஈறின் இடுக்கிலும் காற்றுப் படாமல் குடியிருக்கும் கிருமிகள், அங்கே தங்கும் உணவையும் உதிர்ந்த தோலையும் தின்று, கந்தகம் கலந்த வாயுவை வெளிவிடுகின்றனவாம். அழுகிய முட்டையின் வாடையும் அதே வகைதான். அதன்மேல் ஏலக்காய் போடுவது, செவ்வாய் தோஷத்தை மறைத்து ஜாதகம் கொடுப்பதைப் போன்றது.

வைத்தியலிங்கம்: அப்படிக் கொடுத்து எத்தனையோ கல்யாணம் நன்றாகவே நடந்திருக்கிறது!

தங்கராசு: உங்களுக்கு ஈறில் இரத்தம் வருகிறதா?

(தம் தொழிலில் எந்தக் குறையையும் ஒப்புக்கொண்டு பழகாத தரகர், கண்ணாடியில் தம்மையே சற்று நேரம் பார்க்கிறார்.)

வைத்தியலிங்கம்: அது கார்த்திகை மாதத்தில்தான் எனக்கே தெரிந்தது. மூன்று நாளைக்கு ஒரு கவுளி வெற்றிலை தீர்ப்பவன் நான். சபரிமலைக்கு மாலை போட்டதும் வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாவற்றையும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கித் துப்பினால் சிவப்பு. பழைய சாயம் என்று விட்டுவிட்டேன். பத்தாம் நாளும் சிவப்பு. தூக்கத்தில் எழுந்து, ஐயப்பனுக்குத் தெரியாமல் வெற்றிலை போடுகிறேனோ என்று சந்தேகம் வந்து, வெற்றிலைப் பெட்டியைப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாளும் சிவப்பு!

தங்கராசு: அப்படியானால் எத்தனை ஆண்டுகளாக இரத்தம் வந்ததோ, வெற்றிலைச் சாறு அதைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. பிறகு என்ன செய்தீர்கள்?

வைத்தியலிங்கம்: பிரஷ்தான் குத்துகிறது என்று கண்டுபிடித்து, அதைத் தூக்கி எறிந்தேன். இப்போது பல்பொடியும் ஆள்காட்டி விரலும்தான். இரத்தம் வரும் இடத்தை விரலாலும் தீண்டுவதில்லை.

தங்கராசு: வீட்டில் குப்பை நாறுகிறது என்று துடைப்பத்தைத் தூக்கி எறிந்திருக்கிறீர்கள். ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் மாவு போன்ற ஒரு படலம் தினமும் படிகிறது. அதை அவ்வப்போது துலக்கி எடுக்காவிட்டால், எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் ஏறிச் சில நாட்களில் காரையாக இறுகிவிடும். அங்கே கூடும் கிருமிகளை எதிர்க்க உடம்பு இரத்தத்தை அனுப்புவதால் ஈறு வீங்கி, தொட்டாலே கசிகிறது. பிரஷ் குத்தியதால் வரும் இரத்தம் அன்று அது. பிரஷ் அங்கே போகாததால் வருவது.

வைத்தியலிங்கம்: ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றுதானே பெரியவர்கள் சொன்னார்கள்? பிரஷைப் பற்றிச் சொல்லவில்லையே.

தங்கராசு: அவர்கள் குச்சியையாவது சொன்னார்கள். ஆள்காட்டி விரலைச் சொல்லவே இல்லை.

வைத்தியலிங்கம்: நெல்லிக்காய் சாப்பிட்டால் ஈறு கெட்டிப்படுமாமே?

தங்கராசு: வைட்டமின் சி இல்லாமற்போனாலும் ஈறு கசியும் என்பது உண்மைதான். மாதக்கணக்கில் காய்கனியைக் காணாமல் கப்பலில் போன அந்தக் கால மாலுமிகளுக்கு அப்படி வந்தது. முகூர்த்த நாள் தவறாமல் பந்தியில் மூன்று கூட்டும் இரண்டு பொரியலும் சாப்பிடும் உங்களுக்கு அது வர வாய்ப்பில்லை. பேசாமல் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போய்க் காரையை எடுத்துவிடுங்கள்.

வைத்தியலிங்கம்: ஐயோ! என் மைத்துனர் அப்படிச் சுத்தம் செய்துகொண்ட மறுநாளே அவருடைய பல்லெல்லாம் ஆடத் தொடங்கிவிட்டது.

தங்கராசு: பல்லை ஆட வைத்தது, பல ஆண்டுகளாகக் காரைக்கு அடியில் அரித்துப்போன எலும்பு. ஆடிய பல்லுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த காரையை எடுத்ததும் உண்மை வெளியே வந்துவிட்டது. எனக்கு முதலில் மெல்லிய கம்பி போன்ற ஒரு கருவியை ஈறின் ஓரத்தில் விட்டு ஆழம் பார்த்தார்கள். 3 மில்லிமீட்டர் வரை இருக்கலாமாம். என் கடைவாயில் 5 இருந்தது. பிறகு தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு கீச்சென்று கத்தும் ஒரு கருவி. முடிந்து எழுந்தபோது, கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் என் நாக்கு புதிதாக ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து, இரண்டு நாள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. மென்மையான பிரஷை ஈறோரமாகச் சாய்த்து 2 நிமிடம் துலக்கவேண்டும், இரவிலும் விடக்கூடாது, நாக்கையும் வழிக்கவேண்டும் என்றார்கள். முதல் சில நாட்கள் இரத்தம் வந்தது, பயப்படாமல் தொடர்ந்தேன். இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது.

வைத்தியலிங்கம்: வேறு எதுவும் கேட்க மாட்டார்களே?

தங்கராசு: சர்க்கரைக்கு இரத்தம் சோதிக்கச் சொல்லலாம். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது.

வைத்தியலிங்கம்: பல்லைக் காட்டப் போனால் இரத்தமா கேட்பார்கள்?

தங்கராசு: தினமும் காலையில் வாஷ்பேசினுக்கு இலவசமாகக் கொடுக்கிறீர்களே, அவர்களுக்கு ஒரு சொட்டுக் கொடுத்தால் என்ன? பாக்கையும் புகையிலையையும் விடச் சொல்வார்கள். புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும்.

வைத்தியலிங்கம்: நீ சொல்வதையெல்லாம் நான் நம்பவேண்டும் என்றால், முதலில் என் வாய் நாறுவது எனக்குத் தெரியவேண்டும். எந்த வரனையும் நேரில் பார்க்காமல் நான் சரி சொல்வதில்லை.

(தங்கராசு ஒரு முகக்கவசத்தை நீட்டுகிறார். தரகர் வாழ்க்கையில் முதல்முறையாக அதை மூக்குவரை ஏற்றி மாட்டிக்கொண்டு, ஐந்தாறு முறை வாயால் ஊதி மூச்சை இழுக்கிறார். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்கிறது. மெதுவாகக் கவசத்தைக் கழற்றி, ஒரு விரலால் தூக்கிப் பிடிக்கிறார்.)

வைத்தியலிங்கம்: தம்பி, இதை எனக்கு முன்னால் யார் போட்டிருந்தார்கள்?

தங்கராசு: உறையை இப்போதுதான் பிரித்தேன், அண்ணே.