பழைய ஹோட்டல் என்று ஒதுக்கிவிட வேண்டாம்

நியூயார்க் போகிறவர்கள் பழைய பெரிய செயின் ஹோட்டல்களைத் தவிர்ப்பதே நல்லது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நகரின் நடுப்பகுதியான மிட்டவுனில் உள்ள ஹில்டன் ஹோட்டலையே பாருங்கள். 1963-இல் திறந்த கட்டடம், 6-ஆவது அவென்யூவில், 53-ஆம், 54-ஆம் தெருக்களுக்கு நடுவே இருக்கிறது. நவீன ஓவியங்கள் உள்ள மோமா அருங்காட்சியகம் பக்கத்திலேயே. சென்ட்ரல் பார்க்குக்கு நடந்தே போகலாம். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! காலையிலேயே வந்து இறங்கினாலும் பெட்டிகளை, அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளும் பெல் டெஸ்கில் கொடுத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பலாம்.

ஆனால் முன்பிருந்த எல்லாச் சேவையும் இன்று கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இதே ஹோட்டல் 2013-இலேயே ரூம் சர்வீஸை நிறுத்திவிட்டு, நாமே போய் வாங்கிக்கொள்ளும் உணவுக்கடையைக் கீழே திறந்தது. இரவில் மாத்திரைக்கு முன் சாப்பிட வேண்டியவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அறை சுத்தம் செய்வது வேறு கதை. நகரம் 2024-இல் கொண்டுவந்த சட்டப்படி, நாம் வேண்டாம் என்று சொன்னால் தவிர தினமும் செய்தாக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் கேட்கக் கூடாது. தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், செலவு. அறை வாடகைக்கு மேல் 'டெஸ்டினேஷன் ஃபீ' என்று ஹோட்டல்கள் கட்டாயமாகக் கடைசியில் சேர்க்கும் தொகையை விலையோடு சேர்த்தே காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே முதல் அமெரிக்கா முழுவதும் இருக்கிறது. வரி அதில் அடங்காது, அது ஏறக்குறைய 15 சதவீதம் வரும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் புதிய ஹோட்டலோடு ஒப்பிடுங்கள்.