பஸ் ஸ்டாண்டை நகர்த்திய கதை

நேற்று ஒரு நண்பர் மெசஞ்சரில் மனு ஒன்றை அனுப்பி, பகிரச் சொன்னார். அவருடைய டவுனில் பாதையை அகலமாக்கப் போகிறார்களாம். சிவப்பு பெயின்ட் அடையாளம் கடை வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. பாதையை எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் போடுங்கள் என்றுதான் மனு. எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை, லயம்தான்" என்றார். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகளைத்தான் அப்படிச் சொன்னார்.

அந்தப் பதிலுக்காக அவரைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. சில வருடங்களுக்கு முன் நாங்களும் இதையேதான் செய்தோம்.

இலங்கை மலையகத்தில் எங்கள் டவுன் ஒரே வீதி. இரண்டு பக்கமும் கடைகள், கடைகளுக்குப் பின்னால் பள்ளம். சந்தைக்குப் பக்கத்தில் புதிய பஸ் ஸ்டாண்ட் கட்டச் சபை திட்டம் போட்டது. அதற்குப் பதினொரு கடைகளை உடைக்க வேண்டும். அதில் ஒன்று அப்பாவின் சில்லறைக் கடை. எல்லாமே வாடகைக் கடைகள், யார் கையிலும் உறுதி (சொத்துப் பத்திரம்) கிடையாது. உறுதி இல்லாதவன் நட்டஈடு கேட்டுப் போனால் என்ன கிடைக்கும் என்று மலையகத்தானுக்கு விளக்கத் தேவையில்லை. பயந்துவிட்டோம். வர்த்தகர் சங்கம் கூடியது, மனு எழுத முடிவானது, எழுதியவன் நான். "வேறு இடமே இல்லை" என்று முதலில் கையை விரித்தார்கள். மூன்று கூட்டம் முடிவதற்குள் இடம் கிடைத்துவிட்டது, வீதியில் அரைக் கிலோமீட்டர் கீழே, ஆற்றுப் பக்கமாக.

வெடி கொளுத்தினோம். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அந்த மனுவில் 600 கையெழுத்துக்கு மேல் இருந்தது. 'பொதுமக்கள் கோரிக்கை' என்று பெரிதாகத் தலைப்பும் போட்டிருந்தேன். கையெழுத்து எப்படிச் சேர்ந்தது தெரியுமா? கடை மேசையில் கடன் கொப்பிக்குப் பக்கத்திலேயே மனுவை வைத்திருந்தோம். சம்பள நாள். பழைய கடனில் பாதியைக் கட்டிவிட்டு, அடுத்த மாதத்து மாவையும் சீனியையும் பருப்பையும் கொப்பியில் எழுதிக்கொள்ளத் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். அவர்களிடம் பேனையை நீட்டினோம். மாட்டேன் என்று யார் சொல்வார்?

இன்று பஸ் கீழேயே நின்றுவிடுகிறது. கிளினிக்குக்கு வரும் வயசாளிகள், பிள்ளையை இடுப்பில் வைத்த தாய்மார், மரக்கறி மூட்டை கொண்டுவருபவர்கள், எல்லோரும் அங்கிருந்து ஏறித்தான் வர வேண்டும். த்ரீவீலருக்குக் கொடுக்கும் காசுக்கு ஒரு இறாத்தல் பாண் வாங்கிவிடலாம். அப்படியும் எங்கள் கடைக்கு ஆள் குறையவில்லை. கொப்பியில் பேர் இருக்கிறதே, ஏறாமல் எங்கே போவார்கள்?

போன மாதம் நல்ல மழை. தோட்டத்தின் மேல் டிவிஷன் அக்கா ஒருவர் மூச்சு வாங்க வந்து கடை வாசலில் உட்கார்ந்தார். "பஸ்ஸ மேல விடச் சொல்லி எழுதிக் குடுங்களேன் அக்கா" என்றேன், ஏதோ நான் அந்தப் பக்கத்து ஆள் மாதிரி.

"அன்னைக்கு நானுந்தான் கையெழுத்துப் போட்டேன் தம்பி. கரண்டுக் கம்பத்துக்குன்னு நெனச்சேன்."

அப்பா உள்ளே பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

வியாபாரத்துக்காக அரசாங்க வேலையை வளைப்பது நாங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது முக்கியமாகக் கோப்பிக்காக. 1885இல் அது நானுஓயா வரைக்கும் ஏறியபோது தேயிலையின் காலம் தொடங்கியிருந்தது. நானுஓயாவிலிருந்து இராகலைக்குத் தனியாக ஒரு சின்ன ரயில்பாதைகூட ஓடியது, பிறகு அதை மூடிவிட்டார்கள். சரக்கு துறைமுகம் போக மலையைக் குடைந்தார்கள். அதே சரக்கைப் பறிப்பவர்களின் லயத்துக்கு இன்றும் பல தோட்டங்களில் ஒழுங்கான பாதை இல்லை.

அப்புறம் அணைகள். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், நாமும் செல்ஃபி எடுக்கப் போவோம். 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை மின்திட்டம் வந்தது, 150 மெகாவாட். சென்கிளேயர் அருவி வற்றிவிடும் என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியதால், பகலில் அருவிக்குத் தண்ணீர் விட ஏற்பாடு செய்தார்கள். நல்லதுதான், அருவி ஓடினால்தான் எதிரே நிற்பவனுக்குத் தேத்தண்ணியும் விற்கும். ஆனால் அதே திட்டத்துக்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் வீட்டைவிட்டுப் போகத்தான் வேண்டியிருந்தது.

இதைச் சொன்னால் "அப்போ உங்க அப்பா கடையை உடைத்திருக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்தக் கடையை உடைத்திருந்தால் வேலை இல்லாத வாரங்களில் அரிசி கடன் கொடுக்க ஆள் இருந்திருக்காது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கொப்பி கிடையாது. சின்னக் கடைக்காகத் திட்டத்தை நகர்த்துவது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நகர்த்தினால் யார் ஏற வேண்டிவரும் என்பதை மனுவில் ஒரு வரிகூட எழுதாததுதான் எங்கள் தப்பு. கையெழுத்துக்கு வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டாதது அதைவிடப் பெரிய தப்பு.

வழி இல்லாமலும் இல்லை. ஸ்டாண்ட் கீழேயே இருக்கட்டும், காலையிலும் பின்னேரமும் தோட்டத்து பஸ்கள் சந்தை வரை வந்து ஆளை இறக்கிவிட்டுப் போகலாம். மேலே பஸ் திருப்ப இடமில்லை என்கிறார்கள். எங்கள் கடைகளுக்குச் சாமான் கொண்டுவரும் லொறி தினமும் விடியற்காலையில் அதே இடத்தில்தான் திரும்புகிறது. இதை எழுதி ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை கையெழுத்துக்கு லயத்துக்கே போனேன், கொப்பி இல்லாமல். 43 தான் கிடைத்தது. மூன்று பேர் முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, யோசிச்சிச் சொல்றோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நண்பரின் மனுவை நான் பகிரவில்லை. அந்த லயத்தில் எத்தனை வீடு, அவர்களிடம் யாராவது பேசினீர்களா என்று கேட்டு எழுதினேன். பார்த்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.