பேஸ்பால் பந்தில் சேறு: மோசடியா, விதியா?

அமெரிக்காவின் உச்சநிலை பேஸ்பால் தொடரான மேஜர் லீக் ஆட்டங்களுக்கு முன் ஊழியர் ஒருவர் புதுப் பந்துகளில் சேற்றைத் தேய்க்கும் காணொலி, 'உள்ளூர் அணிக்காக நடக்கும் மோசடி' என்ற குறிப்புடன் பரவி வருகிறது. காட்சி உண்மையானதே, குறிப்பு பொய்.

பந்துகளின் பளபளப்பு நீங்கும்படி அவை முறையாகத் தேய்க்கப்பட்டிருப்பதை நடுவர் உறுதிசெய்ய வேண்டும் என்று ஆட்ட விதியே கூறுகிறது. புதுப் பந்தின் தோல் வழுக்கும் என்பதால், எறிபவரின் கைப்பிடி நழுவினால் பந்து மட்டையாளரின் தலையைத் தாக்கக்கூடும். 1920 ஆகஸ்டில் எறிபந்து தலையில் பட்டு கிளீவ்லாந்து வீரர் ரே சாப்மன் இறந்ததை நினைத்தால், இந்த எச்சரிக்கை மிகையாகத் தோன்றாது. முன்பு மைதான மண்ணையும் புகையிலைச் சாற்றையும் பூசிப் பார்த்தார்கள். அவை பந்தைக் கெடுத்தன. பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியின் பயிற்சியாளர் லீனா பிளாக்பர்ன் 1938 வாக்கில், நியூ ஜெர்சியில் டெலவர் ஆற்றின் கிளையொன்றில் கிடைத்த வழவழப்பான சேற்றை இதற்குப் பயன்படுத்தினார். அந்தச் சேறே இன்றும் பயன்படுகிறது. அது எடுக்கப்படும் இடத்தை மட்டும் ரகசியமாக வைத்திருக்கிறார்கள். வதந்திக்குத் தீனி போட்டது ஒருவேளை இந்த ரகசியமாக இருக்கலாம். 2024இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு, இந்தச் சேறு சருமக் களிம்பைப் போலப் பரவி, அதிலுள்ள மணல் துகள்களால் பிடிப்பைக் கூட்டுவதாகக் கண்டறிந்தது.

இரு அணிகளும் எறிவது ஒரே விதமாகத் தேய்த்த பந்துகளையே. ஆட்டத்தின்போது வீரர் ஒருவர் தாமே பந்தில் மண் தேய்ப்பதுதான் விதிமீறல்.