பெண்கள் சம்பாதிப்பதால்தான் தலாக் கூடுகிறதா?

அந்த உஸ்தாத் (மார்க்க போதகர்) பேசிய வீடியோவை இனியும் எனக்கு அனுப்பாதீர்கள். பார்த்துவிட்டேன். "பெண்கள் சம்பாதிக்கத் தொடங்கினார்கள், பொறுமை போய்விட்டது, மலேசியாவில் தலாக் 43 சதவீதம் கூடிவிட்டது" என்கிறார். கீழே எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டிருக்கிறீர்கள்.

சரி, கணக்கையே பார்ப்போம். 2021இல் 43,936 மணமுறிவுகள், 2022இல் 62,890. உண்மைதான். ஆனால் 2021 கொரோனாக் கட்டுப்பாட்டு ஆண்டு. வீட்டைவிட்டே வெளியே வர முடியாத காலத்தோடு ஒப்பிட்டால் எதுதான் கூடியிருக்காது? 2023இல் எண்ணிக்கை இறங்கியது. அதை ஏன் சொல்லவில்லை? இதில் முஸ்லிம் அல்லாதவர்களின் விவாகரத்தும் சேர்ந்திருக்கிறது, அதையும் சொல்லவில்லை.

பெண்கள் அவசரப்படுகிறார்களாம். மஹ்கமா, அதாவது ஷரீஅத் நீதிமன்றம், பக்கம் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நீதிமன்ற அனுமதி இல்லாமல் தலாக் சொன்ன ஆணுக்குக் கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்களின் சட்டத்தில் அதிகபட்சம் 1,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டும். அவன் சொன்ன தலாக் ஷரீஅத்படி செல்லும் என்று நீதிபதி கண்டால் அதைப் பதிவு செய்தும் கொடுப்பார். கணவன் சம்மதிக்காவிட்டால் மனைவி என்ன செய்வாள்? தஅலீக் (நிக்காஹ்வில் கணவன் ஒப்புக்கொண்ட நிபந்தனைப்படி மணமுறிவு) என்றால் அவன் நிபந்தனையை மீறியதை நிரூபிக்க வேண்டும். ஃபஸ்க் (நீதிபதியே திருமணத்தை ரத்து செய்வது) என்றால் காரணத்தை நிரூபிக்க வேண்டும். குலா (மனைவி பணம் கொடுத்துப் பெறும் மணவிடுதலை) என்றால் பணமும் கொடுக்க வேண்டும், அதற்கும் அவன் சம்மதிக்க வேண்டும்.

என் லாத்தா (அக்கா) இதையெல்லாம் அனுபவித்தவள். நிக்காஹ் அன்று, நான்கு மாதம் செலவுக்குக் கொடுக்காவிட்டால் மனைவி மஹ்கமாவில் முறையிடலாம் என்று தஅலீக் வாசித்துக் கையெழுத்துப் போட்டவர்தான் மச்சான். அப்புறம் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். சம்மன் அவர் கைக்குப் போய்ச் சேரவே மாதக்கணக்கானது. தவணைக்கு மேல் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் வேலைக்கு லீவு, சம்பளத்தில் பிடித்தம். சாட்சி சொல்ல வாருங்கள் என்று சொந்தக்காரர்களிடம் கெஞ்சினாள். இவளுக்கா பொறுமை இல்லை?

உடனே, "மார்க்கத்தையே குறை சொல்கிறாயா?" என்று வருவீர்கள். தஅலீக்கும் ஃபஸ்க்கும் மார்க்கம் பெண்ணுக்குத் தந்த வழிகள். அந்த வழியில் போகிறவளைப் பழிப்பது நீங்கள்தான். "ஆண்களும் பாதிக்கப்படுகிறார்கள்" என்பீர்கள். படுகிறார்கள், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உஸ்தாதின் அந்தப் பயானில் (சொற்பொழிவில்) திட்டு வாங்கியது அவர்கள் இல்லையே!

பெண்ணின் சம்பளம் குடும்பத்தைக் கெடுக்கிறதாம். லாத்தாவின் சம்பளம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டிருக்காது. பிள்ளைகளின் நஃபகாவுக்கு (பராமரிப்புச் செலவுக்கு) நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. காகிதம் வந்தது, காசு வரவில்லை. எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் யாரும் மச்சானுக்கு ஒரு போன் போட்டு ஏன் என்று கேட்டதில்லை. "அவன் பிள்ளைகளைப் பார்க்க வந்தால் தடுக்காதே" என்று லாத்தாவுக்குத்தான் புத்தி சொன்னார்கள். அவள் ஒருநாளும் தடுத்ததில்லை. அவர்தான் வருவதில்லை.