ரஸ்ஸலை மகிழ்ச்சிப் புத்தகத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

பிரிட்டிஷ் தத்துவவாதியும் கணித அறிஞருமான பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்றதும் நம்மில் பலர் கையில் எடுப்பது 1930-இல் வந்த 'த கான்க்வெஸ்ட் ஆஃப் ஹேப்பினஸ்' (மகிழ்ச்சியை வெல்வது). பொறாமைப்படாதே, ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படாதே, உன்னையே நினைத்துக்கொண்டிருக்காமல் வெளி உலகத்தில் ஆர்வம் வை. இதெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல புத்தகம், சந்தேகமில்லை. ஆனால் அதை மட்டும் படித்து மூடிவைத்தால் அவர் ஒரு சுயமுன்னேற்ற எழுத்தாளராகவே மனசில் தங்கிவிடுவார். இரண்டு வருஷம் கழித்து, 1932-இல், அவர் வேலையைப் பற்றி எழுதிய 'இன் பிரெய்ஸ் ஆஃப் ஐடில்னஸ்' (சும்மா இருப்பதன் பெருமை) என்ற கட்டுரையைச் சேர்த்துப் படித்தால்தான் அந்த அறிவுரைகளுக்கு அடியில் இருக்கிற பெரிய கேள்வி தெரியும்: மனுஷனுக்கு நேரமே இல்லையென்றால் இதையெல்லாம் எப்போது செய்வது?

அந்தக் கட்டுரையில் ஒரு குண்டூசிக் கணக்கு வருகிறது. குண்டூசி செய்கிற ஆட்கள் தினம் 8 மணி நேரம் உழைத்து உலகத்துக்கு வேண்டிய அத்தனையையும் செய்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஒரு புதுமுறை கண்டுபிடிக்க, அதே ஆட்களால் இரண்டு மடங்கு செய்ய முடிகிறது. உலகத்துக்கு அவ்வளவு குண்டூசி தேவையில்லை. புத்தியுள்ள உலகமாக இருந்தால் எல்லோரும் 4 மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நடப்பதோ வேறு. எல்லோரும் 8 மணி நேரமே உழைக்கிறார்கள், குண்டூசி குவிகிறது, சில முதலாளிகள் திவாலாகிறார்கள், பாதிப் பேருக்கு வேலை போகிறது. கடைசியில் பார்த்தால் மொத்த ஓய்வு நேரம் 4 மணி நேர வேலையில் கிடைத்திருக்கும் அதே அளவுதான். பாதிப் பேர் வேலையில்லாமல் தவிக்க, மீதிப் பேர் ஓய்வில்லாமல் தேய்கிறார்கள். உலகப் பெருமந்தம் உச்சத்தில் இருந்தபோது எழுதியது இது. ஏ.ஐ. வந்து பாதி வேலையை முடித்துத் தருகிறது என்று அலுவலகத்துக்கு அலுவலகம் பேசுகிற இந்த நாளில் இதைப் படித்தால் திடுக்கென்றிருக்கிறது. மிச்சமாகிற நேரம் யார் கணக்கில் சேர்கிறது?

"பிரதமர் பேரன் சும்மா இருப்பதைப் பற்றிப் பேசலாம், நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர் தாத்தா லார்ட் ஜான் ரஸ்ஸல் இரண்டு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர்தான். அந்த வர்க்கத்தை உள்ளேயிருந்து பார்த்ததால்தான் ரஸ்ஸலால் இதை எழுத முடிந்தது என்று நான் நினைக்கிறேன். அவர் சிறுவனாக இருந்தபோது தொழிலாளிகளுக்குச் சில விடுமுறை நாட்களைச் சட்டமாக்கினார்களாம். "ஏழைகளுக்கு எதற்கு விடுமுறை? அவர்கள் உழைக்க வேண்டியவர்கள்" என்று வயதான ஒரு டச்சஸ், அதாவது பிரபு குடும்பத்துச் சீமாட்டி, சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. உழைப்பே புண்ணியம் என்று ஊருக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் அடுத்தவன் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் என்பது அவர் வாதம்.

வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி சொன்னபோது எத்தனை பேர் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்! அதே வருஷம் ஏப்ரலில் நம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த பிறகு, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அது நல்ல முடிவு. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே வீடு திரும்புகிற ஒரு பெண்ணிடம் போய், வெளி உலக ஆர்வங்களை வளர்த்துக்கொள் என்று 1930 புத்தகத்தை மட்டும் நீட்டினால் அது அநியாயம். 1932 கட்டுரை அவள் பக்கம் நிற்கிறது.

இப்படிச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது மகிழ்ச்சிப் புத்தகமே வேறு மாதிரி தெரிகிறது. போட்டியைப் பற்றிய அத்தியாயத்தில், பிழைப்புக்கான போராட்டம் என்று வசதியானவர்கள் சொல்லிக்கொள்வது உண்மையில் ஜெயிப்பதற்கான போராட்டம் என்கிறார். நாளைக்குக் காலைச் சாப்பாடு கிடைக்காதோ என்பதல்ல அவர்கள் பயம். பக்கத்து வீட்டுக்காரரைவிட ஒரு படி மேலே தெரிய முடியாதோ என்பதுதான். சலிப்பைப் பற்றிய அத்தியாயத்தில் லண்டனிலேயே வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வருகிறது. முதன்முறையாக அதைக் கிராமத்துப் பக்கம் கூட்டிப்போகிறார்கள். குளிர்காலம், எங்கு பார்த்தாலும் ஈரமும் சேறும். பெரியவர்கள் ரசிக்க அங்கே ஒன்றுமில்லை. குழந்தை ஈர மண்ணில் மண்டியிட்டு, புல்லுக்குள் முகத்தைப் புதைத்து, பாதிச் சொல்லாகக் குரல் எழுப்பிக் குதூகலிக்கிறது. எனக்கு மொத்தப் புத்தகத்திலும் பிடித்த இடம் இது.

குடும்பம் என்று வரும்போது அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இரண்டு வயதில் தாயையும் நான்கு வயது நிறைவதற்குள் தந்தையையும் இழந்து, கண்டிப்பான பாட்டியிடம் வளர்ந்தவர். பதின்ம வயதில் தற்கொலையின் விளிம்பில் நின்றதாகவும், இன்னும் கொஞ்சம் கணிதம் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் தடுத்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர், பிள்ளை வளர்ப்பதில் கிடைக்கும் சந்தோஷத்தைப் பற்றி எழுதும்போது மனசு நெகிழ்கிறது. ஆனால் 1929-இல் வந்த 'மேரேஜ் அண்ட் மாரல்ஸ்' (திருமணமும் ஒழுக்கமும்) புத்தகத்தில் தந்தையின் இடத்தை அரசாங்கம் மெல்ல எடுத்துக்கொள்ளும் என்று கணக்குப் போடுகிற இடங்கள் எனக்கு ஒட்டவில்லை. மனைவி டோராவோடு 1927-இல் பீக்கன் ஹில் என்ற பள்ளியைத் தொடங்கினார். பாரபட்சம் கூடாது என்று சொந்தப் பிள்ளைகளையும் மற்ற பிள்ளைகள் மாதிரியே நடத்தினார்கள். பெற்றோர் பக்கத்திலேயே இருந்தும் அந்நியமாகிப்போன வலியை மகள் கேதரின் டெய்ட் பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதினார். அப்பாவை அவ்வளவு நேசித்த மகள் எழுதியது அது. ரஸ்ஸலின் குடும்பப் புத்தகத்தைப் படிப்பவர்கள் இதையும் தேடிப் படிக்க வேண்டும்.

அந்தக் குடும்பப் புத்தகம்தான் பிறகு அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டது. 1940-இல் நியூயார்க் சிட்டி காலேஜில் அவருக்குப் பேராசிரியர் வேலை கொடுத்தார்கள். புரூக்ளினில் வசித்த ஒரு தாய் வழக்குப் போட, அவருடைய ஒழுக்கக் கருத்துகளைக் காரணம் காட்டி நீதிபதி அந்த நியமனத்தையே ரத்து செய்தார். வயது 67, மூன்று பிள்ளைகள், கையில் வேலை இல்லை. ஃபிலடெல்ஃபியா பக்கம் ஓவியங்கள் சேகரிக்கும் பணக்காரரான பார்ன்ஸ் தன் நிறுவனத்தில் விரிவுரையாற்ற அழைத்தார்; ஒப்பந்தம் முடியும் முன்பே அவரும் நீக்கினார். ஆனால் அங்கே பேசிய விரிவுரைகள்தான் 1945-இல் 'எ ஹிஸ்டரி ஆஃப் வெஸ்டர்ன் ஃபிலாசஃபி' ஆயின. கடைசிவரை அவருக்குச் சோறு போட்டது அந்தப் புத்தகம்தான். ஜெர்மன் தத்துவவாதிகளான காண்ட், நீட்ஷே பற்றி எழுதியதில் நியாயம் இல்லை என்று துறை அறிஞர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் ஒவ்வொரு தத்துவவாதியையும் அவர் காலத்து அரசியலிலும் சமூகத்திலும் வைத்துச் சொல்வதால் கதை மாதிரி ஓடுகிறது.

நல்ல வாழ்க்கை என்றால் என்ன என்பதற்கு 1925-லேயே 'வாட் ஐ பிலீவ்' என்ற சிறு நூலில் பதில் சொல்லிவிட்டார்: அன்பால் உந்தப்பட்டு, அறிவால் வழிநடத்தப்படுவது. இடைக்காலத்தில் கொள்ளைநோய் வந்தபோது புனிதர்கள் ஜனங்களைக் கோயிலில் கூடிப் பிரார்த்திக்கச் சொன்னார்கள்; நோய் கூட்டத்துக்குள் வேகமாகப் பரவியது. அங்கே அன்பு இருந்தது, அறிவு இல்லை. முதல் உலகப் போரில் அறிவு இருந்தது, அன்பு இல்லை. இரண்டிலும் விளைந்தது பெரும் சாவு என்கிறார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் ஐடில்னஸ் கட்டுரையைப் படியுங்கள். ஒரே மாலையில் முடிந்துவிடும். அப்புறம் மகிழ்ச்சிப் புத்தகம். தத்துவ வரலாறு தடிமனானது, முதல் பக்கத்திலிருந்துதான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஸ்பினோசா அத்தியாயத்தில் நுழையுங்கள். லென்ஸ் தேய்த்துப் பிழைத்த அந்த மனிதரைப் பெரும் தத்துவவாதிகளிலேயே மிக மேன்மையானவர், மிகவும் நேசிக்கத் தகுந்தவர் என்கிறார் ரஸ்ஸல். ஏன் என்று அந்தச் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.