ஆர்-12 காரில் ஆர்-134ஏ ஏற்றுவது பற்றி ஒரு திருத்தம்

ஆர்-12 என்பது பழைய கார் ஏசிகளில் இருந்த குளிர்விக்கும் வாயு; ஆர்-134ஏ அதற்கு மாற்றாக வந்தது. '1990-களின் தொடக்கத்தில் வந்த காரின் ஏசியில் குளிர்ச்சி குறைந்தால், உள்ளே இருக்கும் ஆர்-12 வாயுவின் மேலேயே கொஞ்சம் ஆர்-134ஏ ஏற்றினால் போதும்' என்று சொல்லப்படுவது தவறு. இரண்டும் கலந்துவிட்டால் அழுத்தம் இரண்டில் எதற்கும் உரிய அளவில் நிற்காது. கேஜை (அழுத்தமானியை)ப் பார்த்துக் கோளாறைக் கணிப்பதும் இயலாது. அதைவிடப் பெரிய சிக்கல் எண்ணெயில் இருக்கிறது. ஆர்-12 அமைப்பிலுள்ள மினரல் ஆயில் ஆர்-134ஏ-யில் கரையாததால், வாயுவோடு சுற்றி, வாயுவை அழுத்திச் சுழலவிடும் கம்ப்ரசருக்குத் திரும்பாமல் ஆங்காங்கே தங்கிவிடும். கம்ப்ரசர் உயவின்றித் தேய்ந்து, கடைசியில் இறுகிப்போகும்.

ஆர்-134ஏ-க்கு மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய வாயுவை காற்றில் திறந்துவிடாமல் கருவி கொண்டு மீட்டெடுத்து, பழைய எண்ணெயை வடித்து, ஆர்-134ஏ-யில் கரையும் எஸ்டர் ஆயில் ஊற்றி, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரைப் புதிதாகப் போட்டு, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வாக்குவம் இழுத்த பிறகு, பழைய ஆர்-12 எடையில் சுமார் 80 முதல் 90 விழுக்காடு மட்டுமே நிரப்ப வேண்டும்.

இன்னொன்று, வாயு பெட்ரோலைப்போல ஓட ஓடத் தீரும் பொருளன்று. அது கணிசமாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கம்ப்ரசர் தண்டின் சீலிலோ குழாய் இணைப்புகளிலோ படிந்திருக்கும் எண்ணெய்க் கறையே பல நேரங்களில் அந்த இடத்தைக் காட்டிவிடும். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் குளிர்ச்சி குறைகிறதென்றால், வாயுவைத் தொடுவதற்கு முன் கண்டென்சர் (வாயுவின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) விசிறியைப் பாருங்கள்.